தேன் நிறக் கண்ணும் தீர்மானம் எண் நான்கும்

மனித குலம் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ளப் பல லட்சம் ஆண்டுகள் ஆயின என்கிறார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? பார்ப்பது ஆட்டுக்கும் வரும், கோழிக்கும் வரும். கண்ணின் நிறத்தையே மாற்றக் கற்றுக்கொண்ட நாளில்தான் நாகரிகம் தொடங்கியது. அந்த நாகரிகம் கம்பாலா நகரின் நத்தேத்தே பகுதியில் வசிக்கும் கசலீனா நபோசா அம்மையாரை, அவருடைய ஐம்பத்தைந்தாவது வயதில், ஒரு கமிட்டித் தீர்மானத்தின் வடிவில் வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் முதலில் தேவைப்படுவது மாப்பிள்ளை அல்ல, கமிட்டி. மாப்பிள்ளை நடுவில் மாறினாலும் சமாளித்துவிடலாம். கமிட்டித் தலைவர் மாறினால் கல்யாணம் நின்றுவிடும். கசலீனாவின் அண்ணன் மகள் நல்வோகாவை மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி பெண் கேட்டு வரும் அறிமுகச் சடங்குக்கு அமைந்த கமிட்டிக்குத் தலைவர் கசலீனாவின் தம்பி கக்வா. வங்கி ஒன்றில் கிளை மேலாளர். வீட்டில் உப்பு கேட்பதைக்கூட இரண்டு அம்சங்களாகப் பிரித்துக் கேட்பவர். ஒவ்வொரு வியாழனும் மாலை வறுத்த பன்றிக்கறிக் கடையின் பின்முற்றத்தில் கூட்டம் கூடும். கறி வந்ததும் கோரம் நிறைந்ததாக அறிவிக்கப்படும்.

நான்காவது கூட்டத்தில் பொருள் எண் நான்கு: "அத்தையின் கண்."

காரணம் நியாயமானது. அறிமுகச் சடங்கின் உச்சமே அத்தைதான். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லா ஆண்களும் கணுக்கால் வரை வெள்ளை அங்கி, மேலே கோட்டு. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் தெரியாது. பெண்ணின் அப்பாவுடன் பிறந்த அத்தை நடந்து போய், அந்த வெள்ளை வரிசையில் மாப்பிள்ளை யாரென்று கண்டுபிடித்து, அவர் மார்பில் ஒரு ரோஜாவைக் குத்த வேண்டும். குத்திய பூவுக்கு மேல்முறையீடு கிடையாது. பூ வாங்கியவர் பெண் வெளியே வரும்வரை வாய் திறக்கவும் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் மசாக்காவில் ஓர் அத்தை தவறிப்போய் மாப்பிள்ளைத் தோழனுக்குப் பூ குத்திவிட்டார். சகுனம் சரியில்லை என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். கொண்டுவந்த ஆடுகள் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின. அந்தப் பெண் இன்னும் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். அந்த அத்தையை அதற்குப் பிறகு யாரும் எந்த விசேஷத்துக்கும் கூப்பிடுவதில்லை.

இவ்வளவு பொறுப்பான வேலையைச் செய்யும் அத்தையின் மூக்கில் ஒரு கண்ணாடி இருந்தது. கமிட்டியைக் கவலைப்பட வைத்தது அதுதான்.

வீடியோ எடுக்கும் டெரிக் தன் மடிக்கணினியில் ஒத்திகைக் காட்சியைப் போட்டுக் காட்டினான்.

"முகத்துல ரெண்டு ஜன்னல் தெரியுது சார். ஆள் தெரியல."

உண்மைதான். அத்தையின் கண்ணாடியில் பந்தல் விளக்கு, டெரிக், டெரிக்கின் கேமரா எல்லாம் தெரிந்தன. கமிட்டி கறியை மென்றபடி ஆழ்ந்து யோசித்தது. பொருளாளர் எழுந்து, தம் மனைவி கண்ணுக்குள் வைக்கும் நிற வில்லைகளைப் போட ஆரம்பித்த பிறகுதான் தமக்கு அவளை அடையாளமே தெரியாமல் போயிற்று என்று பெருமையோடு தெரிவித்தார். இது கமிட்டியின் மனத்தைத் தொட்டது.

"தம்பி, கண்ணாடி இல்லாம நான் மாப்பிள்ளைய எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கசலீனா கேட்டார்.

"அக்கா, கண்டுபிடிக்கிறது ரெண்டு நிமிஷ வேலை. வீடியோ காலத்துக்கும் நிக்கும்" என்றார் தலைவர்.

தீர்மானம் எண் நான்கு ஒருமனதாக நிறைவேறியது. அதன் உட்பிரிவு ஒன்று: அத்தை கண்ணாடியை விலக்கி, தம் முகத்துக்குப் பொருத்தமான நிற வில்லைகளை அணிவார். உட்பிரிவு இரண்டு: கண்ணாடி அணிந்த அத்தை தென்படும் எந்தக் காட்சியும் வீடியோவில் இடம்பெறாது. உட்பிரிவு மூன்று: மாப்பிள்ளை முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் அமர்வார்; அத்தை எண்ணிக்கொண்டு போவார். மாப்பிள்ளை வீட்டுக் கமிட்டியும் தொலைபேசியில் இதை ஒப்புக்கொண்டது. அங்கேயும் தலைவர் ஒரு கிளை மேலாளர்தான்.

கசலீனாவுக்கு மைனஸ் நாலு. கண்ணாடியைக் கழற்றினால் ஆட்கள் நீராவி ஆகிவிடுவார்கள். மழலையர் பள்ளித் தலைமையாசிரியை அவர். இருபது வருடம் குழந்தைகளைக் குரலை வைத்தே அதட்டிக்கொண்டிருந்தார். ஆறு வருடத்துக்கு முன் அரசு கண் சிகிச்சைப் பிரிவுக்குப் போனபோது, அங்கே இருந்த கியிம்பா என்ற அலுவலர் அந்தக் கண்ணாடியை எழுதிக் கொடுத்தார். நரைத்த தாடி, தொடை மேல் எப்போதும் கண்ணாடி துடைக்க ஒரு துணி, எழுத்து அட்டையின் ஒவ்வொரு வரிக்கும் முன்பு ஒரு சின்ன இருமல். வருடம் ஒரு முறை அத்தை போவார், அவர் இருமுவார், இவர் வாசிப்பார். போன முறை துணைக்கு நல்வோகா போயிருந்தாள். அதே நாளில் கியிம்பாவின் தம்பி மகன் செபுன்யா, அந்த அலுவலகத்தின் கணினியைச் சரிசெய்ய வந்திருந்தான். அத்தை கடைசி வரியை வாசித்து முடிப்பதற்குள் அங்கே விஷயம் முடிந்துவிட்டது. ஆக இந்தச் சம்பந்தமே அந்தக் கண்ணாடியால் வந்த சம்பந்தம். கமிட்டிக் குறிப்பேட்டில் இது பதிவாகவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அத்தை தீர்மானத்தை எதிர்த்திருக்க வேண்டும். எதிர்க்கவில்லை. எதிர்க்காததன் காரணத்தை யாரிடமும் சொல்லவும் இல்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் அவருடைய அறிமுகச் சடங்கில் ஒரே ஒரு புகைப்படம் எடுத்தார்கள். அதில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். கணவர் போய்விட்டார், படம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டு, "தூங்கிட்டீங்களா?" என்று கேட்பார்கள். இன்னொரு முறை, ஒரே ஒரு முறை, திறந்த கண்ணோடு ஒரு படத்தில் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கண் தேன் நிறமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே.

நகரத்தின் நடுவே, மாடிக்கு மாடி கடைகள் அடுக்கிய கட்டடம் ஒன்றில், நகப்பூச்சுக்கும் செல்பேசி உறைக்கும் நடுவில் ஷாமிமின் கடை இருந்தது. பெயர்ப்பலகையில் "கண் நிற ஆலோசகர்" என்று போட்டிருந்தது. அந்தப் பதவியை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்பது தெரியவில்லை. எந்த மருத்துவக் கல்லூரியும் அவ்வளவு மரியாதையாகக் கொடுத்திருக்காது.

கண்ணுக்கு நிறம் தேர்வு செய்வது பெரிய விஞ்ஞானம். ஷாமிம் முதலில் அத்தையின் மணிக்கட்டை வாங்கிப் பார்த்தாள். நரம்பு பச்சையாகத் தெரிந்தால் "வெப்பத் தோல்"; அதற்குத் தேன், செம்பு, பாதாம். நீலமாகத் தெரிந்தால் "குளிர்த் தோல்". அதற்குச் சாம்பல், பனி, ஏரி நீலம். அத்தையின் மணிக்கட்டில் நரம்பே தெரியவில்லை. விஞ்ஞானம் ஒரு நிமிடம் தடுமாறி, பிறகு அத்தையின் கைப்பையின் நிறத்தை வைத்து முடிவுக்கு வந்தது.

"தேன்தாம்மா உங்களுக்கு. சாம்பல் வச்சா காய்ச்சக்காரி மாதிரி இருப்பீங்க. பச்சை வச்சா பூனை."

"எனக்கு மைனஸ் நாலும்மா."

"இதுல பவர் கிடையாதும்மா. பூஜ்யம்."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"இது நீங்க பாக்குறதுக்கு இல்லம்மா. உங்களப் பாக்குறவங்களுக்கு."

அத்தை இந்த வாக்கியத்தை மனத்துக்குள் ஒரு முறை திருப்பிப் பார்த்தார். தம்மைப் பார்ப்பவர்களுக்காக என்று கடைசியாக எதை வாங்கினோம் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. தேன் நிறத்தையே கட்டச் சொன்னார்.

போட்டுப் பார்த்ததும் கடைக் கண்ணாடி முன் நின்றார். அழகாக ஏதோ ஒன்று தெரிந்தது. அது அவர்தான் என்று ஷாமிம் உறுதிசெய்தாள்.

சடங்கன்று காலை உள்ளறையில் நல்வோகா அத்தையின் இமையைப் பிடித்துக்கொண்டாள். வலது வில்லை ஏழாவது முயற்சியில் உட்கார்ந்தது. இடது வில்லை மூன்று முறை கன்னத்திலும் ஒரு முறை வாழைப்பழத் தட்டிலும் உட்கார்ந்தது. அத்தையின் கண்ணிலிருந்து வழிந்ததைக் கண்ட உறவுப் பெண்கள், பாசக்காரி, பெண்ணைப் பிரியப்போகிற துக்கம் என்று உச்சுக்கொட்டினார்கள்.

"அத்தை, கண்ணாடியையே போட்டுக்கோங்க. எனக்கு வீடியோ வேணாம். சரியான ஆளு வந்தாப் போதும்" என்றாள் நல்வோகா.

"மூணாவது நாற்காலி. ஒண்ணு, ரெண்டு, மூணு. இருபத்தாறு வருஷம் பிள்ளைங்களுக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தவடி நான்."

நல்வோகா, அத்தை கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்துத் தன் இடுப்புப் பட்டையின் மடிப்புக்குள் செருகிக்கொண்டாள். இது கமிட்டியின் அனுமதி பெறாத செயல்.

அதே நேரத்தில் வெளியே ஒரு நிர்வாக மாற்றம் நடந்துகொண்டிருந்தது. பந்தல் துணியின் விலகலில் வெயில் மூன்றாவது நாற்காலி மேல் விழுந்தது. மாப்பிள்ளையின் நெற்றி பளபளக்கிறது, படத்தில் வெளுத்துப்போவார் என்று டெரிக் முறையிட்டான். மாப்பிள்ளையை ஐந்தாவது நாற்காலிக்கு மாற்றி, வெயிலுக்கு அஞ்சாத தாடியுள்ள ஒரு பெரியவரை மூன்றாவதில் உட்கார வைத்தார்கள். இரண்டு கமிட்டிகளும் முறைப்படி கலந்து பேசின. தண்ணீர் கொடுக்கும் பெண் வரை எல்லோருக்கும் தகவல் போயிற்று. அத்தைக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "அக்காவுக்குத்தான் கண்ணு இருக்கே" என்றார் தலைவர்.

மேளம் மாறியது. அத்தை கையில் ரோஜாவோடு வெளியே வந்தார். பெண் வீட்டுப் பந்தலில் பெரிய முணுமுணுப்பு எழுந்தது. தேன் நிறக் கண்கள் அப்படி இருந்தன. டெரிக் பின்னாலேயே நடந்து, தலைக்கு மேலே சின்னப் பறக்கும் கேமராவையும் விட்டு, ஒரு கண்ணுக்கு ஒரு கேமரா என்ற கணக்கில் படம் எடுத்தான்.

அத்தைக்கு எதிரே வெள்ளையாக ஒரு சுவர் இருந்தது. அதன் மேல் பழுப்பாகச் சில உருண்டைகள். வழக்கப்படி மண்டியிட்டு வணங்கினார். உருண்டைகள் பதில் வணக்கம் சொல்லின. எழுந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. கையை நீட்டிக் கோட்டின் விளிம்பைத் தொட்டு, எங்கே துணி முடிந்து ஆள் ஆரம்பிக்கிறார் என்று தடவிப் பார்த்து, ஊசியைச் செருகினார்.

அத்தையின் கண்ணைத் தவிர வேறெதையும் பார்க்காத கக்வா கையை உயர்த்தினார். பெண் வீட்டார் பலமாகக் கைதட்டினார்கள். மேளக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். எதிர்ப் பந்தலிலிருந்து மட்டும் கைதட்டல் வரவில்லை. அந்த மௌனம் நாற்காலி நாற்காலியாகத் தாண்டி இந்தப் பக்கம் வர ஆரம்பித்தது. தட்டிய கைகள் ஒவ்வொன்றாகக் காற்றிலேயே நின்றன. மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர், மூன்று மணி நேரமாக ஓயாமல் பேசியவர், மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு மூச்சுவிடும் சத்தத்தை மட்டும் ஊருக்குக் கேட்கவிட்டார்.

அத்தைக்கு முன்னால் இருந்தவர் இருமினார். சின்ன இருமல்.

அத்தை அதை அடையாளம் கண்டுகொண்டார். ஆறு வருடமாக ஒவ்வொரு எழுத்து வரிக்கும் முன்னால் கேட்ட இருமல் அது. அறுபத்தொரு வயதுக் கியிம்பாவுக்கு, இருபத்தைந்து வயது அண்ணன் மகளை, ஊரறிய, இரண்டு கேமரா சாட்சியாகக் குத்திக் கொடுத்துவிட்டார். மசாக்காவின் ஆடுகள் லாரி ஏறுவது அவருக்குத் தெரிந்தது. அன்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்த முதல் காட்சி அதுதான்.

கியிம்பாவால் பேச முடியாது. பூ அவர் மார்பில் இருந்தது. ஆனால் அந்தப் பந்தலில் கசலீனாவின் கண்ணாடிப் பவர் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நடந்தது என்ன என்பது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மெதுவாகத் தம் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, துணியில் ஒரு முறை துடைத்து, அத்தையின் கையில் வைத்தார். அவருக்கு மைனஸ் மூன்றரை. சற்றுக் குறைவுதான். ஆனாலும் மனிதர்களுக்கு மூக்கு முளைக்கும் அளவுக்குப் போதும்.

அத்தை போட்டுக்கொண்டார். உலகம் ஓரங்களோடு வந்து நின்றது. மூன்றாவது நாற்காலியில் தாடி, தாடிக்குக் கீழே ரோஜா. ஐந்தாவது நாற்காலியில் செபுன்யா, இரண்டு முழங்காலையும் இறுகப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவில் தன் எண்ணைத் தேடுகிறவன் மாதிரி. திரும்பிப் பார்த்தார். வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நல்வோகா, வாயில் கை. பெரியவர்கள் இரண்டு பேர் எழுந்திருக்க நாற்காலிக் கையை ஊன்றியிருந்தார்கள். கமிட்டித் தலைவர் ரொம்ப முக்கியமான செய்தி ஒன்றைத் தம் கைப்பேசியில் படிக்க ஆரம்பித்திருந்தார்.

அத்தை பேச்சாளரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பள்ளிக்கூடக் குரலில் பேசினார்.

"பெரியவங்க உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல. முதல் பூ, எனக்குக் கண்ணு குடுத்த மனுஷனுக்கு. இவரு வாசல்லதான் எங்க பொண்ணு அந்தப் பையனப் பாத்தா. வாசலுக்கு மரியாதை பண்ணாம எப்படி உள்ள போறது? ரெண்டாவது பூ பையனுக்கு."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா? இல்லை என்று சொன்னால் தமக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். ஆகவே எல்லோரும் நிதானமாகத் தலையசைத்தார்கள். அதில் ஒருவர், தம் தாத்தா காலத்தில் இது கட்டாயமாக இருந்தது என்றே பக்கத்தவரிடம் சொன்னார்.

இரண்டாவது பூ இல்லை என்பதுதான் இப்போது பிரச்சினை. அத்தை சுற்றிப் பார்த்தார். இப்போது பார்க்க முடிந்தது. பந்தல் கால் முழுக்க அலங்காரத் துணைக்குழு சுற்றிவைத்த பிளாஸ்டிக் ரோஜாக்கள். ஒன்றைப் பிய்த்தார். நடந்து போய், ஒரு தடவைகூடத் தடவிப் பார்க்காமல், செபுன்யாவின் மார்பில் நேராகக் குத்தினார். பையன் அழுதுவிட்டான். வழக்கப்படி வாயை மட்டும் திறக்கவில்லை.

நல்வோகா வெளியே வந்து மண்டியிட்டபோது, பட்டை மடிப்பிலிருந்து அத்தையின் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். கியிம்பாவுடையது அவரிடம் திரும்பிப் போயிற்று. அவர் அதுவரை பக்கத்திலிருந்தவரின் கோழிக்கறியைத் தம்முடையது என்று நினைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று பொழுது சாயும்வரை அத்தை தம் கண்ணாடியோடு மணமக்களின் பக்கத்தை விட்டு நகரவில்லை. கண்ணாடிக்கு உள்ளே, யாருக்கும் தெரியாமல், தேன் நிறம் இருந்தது.

அடுத்த வியாழன் மதிப்பீட்டுக் கூட்டம். விழாவின் சிகரம் அத்தையின் கண்களே என்று தலைவர் பதிவு செய்தார். "பார்வை தொடர்பாக மட்டும் சிறு குறைபாடு நேர்ந்தது" என்று செயலாளர் எழுத, அது அழகாக இல்லை என்று அடிக்கப்பட்டது. இனி இந்தக் குலத்தின் எல்லா அத்தைகளும் நிற வில்லை அணிய வேண்டும், முதல் பூவை ஒரு பெரியப்பாவுக்குக் குத்த வேண்டும் என்று முடிவாயிற்று. கறி அருமையாக இருந்தது.

ஒரு மாதத்தில் வீடியோ வந்தது. டெரிக் சொன்ன சொல் தவறாதவன். தீர்மானம் எண் நான்கு, உட்பிரிவு இரண்டின்படி, கண்ணாடி அணிந்த அத்தை தென்பட்ட எல்லாக் காட்சிகளையும் வெட்டி எறிந்திருந்தான். அத்தைதான் மணமக்களின் பக்கத்தை விட்டு நகரவில்லையே. ஆகவே மணமக்கள் சேர்ந்திருந்த எல்லாக் காட்சிகளும் போய்விட்டன. பிளாஸ்டிக் ரோஜா போயிற்று. அழுத பையன் போனான். மிச்சம் இருந்தது இதுதான்: தேன் நிறக் கண்களோடு அத்தை வருகிறார். அறுபத்தொரு வயதுக் கியிம்பாவின் மார்பில் ரோஜாவைக் குத்துகிறார். பெண் வீட்டார் பலமாகக் கைதட்டுகிறார்கள். இனிய இசை. உடனே கேக்.

தலைவர் அதை இணையத்தில் ஏற்றி, முதல் வாழ்த்தையும் தாமே எழுதினார்.

அத்தை கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நல்வோகாவும் செபுன்யாவும் இரண்டு பக்கமும் உட்கார, வாழ்த்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. என்ன கண். அந்தக் கண்ணைப் பாருங்கள். எந்தக் கடை. எனக்கும் அதே நிறம் பொருந்துமா. தேவதை. மாப்பிள்ளை வீட்டார் எழுதியிருந்தார்கள், பெண் வீட்டார் எழுதியிருந்தார்கள், பந்தலில் உட்கார்ந்து கைதட்டியவர்கள் எழுதியிருந்தார்கள். இரண்டு கமிட்டிகளும் முழு கோரத்தோடு எழுதியிருந்தன. மாப்பிள்ளை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

நானூற்றுப் பதின்மூன்றாவதை மட்டும் கியிம்பா எழுதியிருந்தார்.

"மேலே எழுதியுள்ள அனைவரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் கண் சிகிச்சைப் பிரிவுக்கு வரவும். பரிசோதனை இலவசம். தனியாக வர வேண்டாம். கண் தெரிந்த யாரையாவது துணைக்கு அழைத்து வரவும்."